நடுக்கடலைத் தாண்டிப் பேசும் கோபுரங்கள்

(தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தகவல் தொடர்புக் கோபுரங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: “நம்மூர்ல அப்படி என்ன கோபுரம் இருக்கு? மாதா கோயிலை விட்டா அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதானே?” நியாயமான கேள்விதான். பெர்லினுக்கும் டொரோன்டோவுக்கும் அப்படி ஒரு கோபுரம் இருக்கிறது. நம் தூத்துக்குடிக்கு இல்லை. ஆனால் நம்மைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வடகிழக்கே ராமேஸ்வரத்தில், இந்தியாவின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரம். தென்மேற்கே விஜயநாராயணத்தில், நாட்டிலேயே மிக உயரமான கம்பங்கள். தென்கிழக்கே கடலைத் தாண்டினால் கொழும்பின் தாமரைக் கோபுரம். இத்தனைக்கும் நடுவில் நம் ஊர் வானொலி ஒலிபரப்பியும், கடலுக்குள் இறங்கிப் போகும் கேபிளும் இருக்கின்றன. இந்தியாவில் வேறு எந்தக் கடற்கரையிலும் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு கோபுரத்தைப் பார்த்ததும் நாம் கேட்பது, இது எவ்வளவு உயரம் என்பதுதான். இது யாரோடு பேசுவதற்காக இங்கே நிற்கிறது என்று கேட்டால் உயரத்துக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடும்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850களின் இறுதியிலேயே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே, மன்னார் வழியாக, கடலடித் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே வந்து இறங்கிக் கப்பல் ஏறினார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் தடத்தில்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகளின் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வழியாகத் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து இலங்கையோடு பேசும் வாசல் யாருக்கு என்று நமக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஒரு சின்னப் போட்டி நடந்துகொண்டே இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. தந்திக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும் அறுந்து போனதால், அங்கே என்ன நடந்தது என்பதே வெளியே தெரியத் தாமதமானது. கம்பங்களில் கட்டிய கம்பியை நம்பியிருந்த ஒரு தீவு, ஒரே இரவில் ஊமையாகிவிட்டது. அந்தத் தீவில்தான் சுமார் முப்பது ஆண்டு கழித்து 323 மீட்டர் கோபுரம் எழுந்தது.

அதற்கு வருமுன் ஒரு மாடிக்குப் போவோம். 1982இல் கொழும்பில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. சென்னையில் தூர்தர்ஷன் 1975இலேயே வந்துவிட்டது. ஆனால் தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் சென்னை எட்டாக்கை. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த படமோ இங்கே விழுந்தது. தெற்கத்தி ஊர்களில் வசதியுள்ள வீட்டு மாடிகளில் எல்லாம் இரும்புக் குழாய் முளைத்தது. குழாயின் நுனியில் அலுமினியக் கம்பிகளை வரிசையாகக் கோத்த ஆன்டெனா, அதன் கீழே பூஸ்டர், கீழே இறங்கும் ஒயர். கச்சான் காற்று அடித்தால் குழாய் திரும்பிவிடும். ஒருவர் மாடியில் குழாயைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் சன்னல் வழியாகக் கத்துவார்: “இன்னும் கொஞ்சம் கெழக்க... போதும், போதும், விட்டுட்டே!” புள்ளி புள்ளியாக இருந்த திரையில் முகம் தெரிந்ததும் தெருவே வந்து உட்கார்ந்துவிடும். மொழி புரியாவிட்டாலும் உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தில் எப்போதாவது தமிழ்ப் படம் போட்டால் அன்று திருவிழா.

இதில் ஒரு விஞ்ஞான அதிசயம் இருந்தது. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஓரளவு தூரத்துக்கு மேல் அது நம் தலைக்கு மேலே போய்விடும். எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கோபுர உயரம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள், அத்தனை கிலோமீட்டர். இலங்கையின் மிக உயரமான மலை பிதுருதலாகலை, 2,524 மீட்டர். அதன் உச்சியில் ஒளிபரப்பியை வைத்தாலும் கணக்குப்படி 207 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியோ அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். படம் வரவே கூடாது. வந்தது ஏன்? கடலை ஒட்டி ஈரமும் குளிர்ச்சியுமான காற்று, அதன் மேலே நிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று. இந்த இரண்டு அடுக்கும் சேரும் நாட்களில் அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து கடல் மட்டத்தை ஒட்டியே ஓடி வரும். அடுக்கு கலைந்தால் படமும் கலைந்துவிடும். ரூபவாஹினி ஒரு நாள் கண்ணாடி மாதிரி தெரிந்து மறுநாள் காணாமல் போனதற்கு ஆன்டெனா மெக்கானிக்கைத் திட்டினார்கள். பாவம், அவருக்கும் காற்றுக்கும் என்ன உடன்படிக்கை?

இப்போது ராமேஸ்வரத்துக்கு வருவோம். கொடைக்கானலிலும் பிதுருதலாகலையிலும் உள்ள ஒளிபரப்பிகளுக்கு உயரத்தை மலை இலவசமாகக் கொடுத்துவிட்டது. பாம்பன் தீவில் மலை என்று சொன்னால் கந்தமாதன பர்வதம்தான். பெயர்தான் பர்வதம், ஏறிப் பார்த்தால் மணல்மேடு. ஆகவே உயரத்தைக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. சென்னையிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் வடிவமைத்தது. கேமன் இந்தியா கட்டியது. 1995இல் வேலை முடிந்தது. அடியில் 24 மீட்டர் விட்டம், மேலே போகப் போகக் குறுகி 6.5 மீட்டர். அதன் தலையில் எஃகுக் கம்பம். மொத்தம் 323 மீட்டர்.

இந்த 323 என்ன கணக்கு? வர்க்கமூலம் ஏறத்தாழ 18. அதை 4.12ஆல் பெருக்கினால் 74 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். மிச்சம் 16 கிலோமீட்டர் இருக்கிறதே என்பீர்கள். யாழ்ப்பாணத்து வீட்டு மாடியில் 15 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், அதன் பங்குக்கு அது 16 கிலோமீட்டர் எட்டும். 74ம் 16ம் 90! வடிவமைத்தவர்கள் இதே கணக்கைத்தான் போட்டார்கள் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபுரம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காக மட்டும் அத்தனை உயரம் வளரவில்லை என்பதை நம்ப எனக்கு இந்தக் கூட்டல் போதும். பஞ்சாபில் பாகிஸ்தான் எல்லையோரம் ஃபாசில்காவில் இன்னொரு கோபுரம் இருக்கிறது. சுமார் 305 மீட்டர். சின்ன ஊர். தலைநகர் டெல்லியின் பீதம்புரா கோபுரமே 235 மீட்டர்தான். நாட்டின் உயரமான தொலைக்காட்சிக் கோபுரங்கள் எல்லையோரச் சிற்றூர்களில் போய் நிற்பது தற்செயல் இல்லை.

வடிவத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், பொறியியல் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். தொலைக்காட்சிக் கோபுரத்தைக் கான்கிரீட்டில் கட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட். 1956இல் ஸ்டுட்கார்ட்டில் 216 மீட்டர் கோபுரத்தை எழுப்பினார். அதுவரை இரும்புச் சட்டங்களைக் கோத்துத்தான் கட்டுவார்கள். அவர் குழல் போலக் கான்கிரீட்டை வார்த்து, மேலே உணவகமும் வைத்தார். பார்க்க வந்தவர்கள் கொடுத்த கட்டணத்திலேயே சில ஆண்டுகளில் செலவு திரும்பிவிட்டது. பிறகு வந்த பெர்லின், டொரோன்டோ எல்லாம் அந்த வம்சம். ராமேஸ்வரமும் அந்த வம்சம்தான். உணவகம் மட்டும் இல்லை.

நம் கடற்கரையில் கான்கிரீட்டுக்கு வேறொரு நியாயமும் உண்டு. உப்புக்காற்று. தெர்மல் நகர்ப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், சன்னல் கம்பியை எத்தனை தடவை சுரண்டிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று. ஆயிரக்கணக்கான போல்ட்டுகளால் பூட்டிய எஃகுக் கோபுரத்துக்குக் கடலோரத்தில் பராமரிப்பு ஓயாது. கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தாலும், மேலே போதிய கனத்துக்குப் பூச்சு இருந்தால் உப்பு உள்ளே போக நாளாகும்.

அடுத்தது காற்று. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகம் கூடும். அது தள்ளுகிற பாரம் முழுவதும் அடியில் வந்து சேரும். அடி அகலமாக இருப்பது அதற்கு. ஆனால் நுனி குறுகுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே பருமனான உருளையைக் காற்று கடக்கும்போது அதன் முதுகுப்பக்கம் வலமும் இடமுமாகச் சுழல்கள் பிரியும், தாளம் தப்பாமல். அந்தத் தாளமும் கோபுரம் இயல்பாக ஆடும் தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெரிதாகும். பருமன் மாறிக்கொண்டே போனால் ஒவ்வொரு உயரத்திலும் சுழல்கள் வெவ்வேறு தாளத்தில் பிரியும்; ஒன்றுக்கொன்று ஒத்துழைக்காது. நம் ஊர்ப் பனைக்கும் இந்த வித்தை தெரியுமோ என்னவோ!

சரி, யாழ்ப்பாணத்துக்கு ராமேஸ்வரம் போதும். கொழும்புக்கு? தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 280 கிலோமீட்டர். அதற்குக் கோபுரம் கட்டி மாளாது. அங்கேதான் நம் வானொலி வருகிறது. தூத்துக்குடி அகில இந்திய வானொலி மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். மத்திய அலை தொலைக்காட்சி அலை மாதிரி நேர்கோட்டுப் பிடிவாதம் பிடிக்காது. பூமியின் வளைவோடு தரையை ஒட்டிப் போகும். மண்ணின் மேல் போனால் சீக்கிரம் களைத்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல் மேல் நெடுந்தூரம் போகும். கடலோரத்தில் மத்திய அலை நிலையம் வைப்பது கடலையே ஒலிபரப்பியின் நீட்சியாக ஆக்கிக்கொள்வதுதான். தமிழிலும் சிங்களத்திலும் இலங்கைக்கான ஒலிபரப்பு பல ஆண்டுகள் இங்கிருந்து போனது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது ஒரு பதில் மொய் மாதிரி.

இந்த வகை நிலையங்களில் ஆன்டெனாவைத் தாங்குவது கோபுரம் இல்லை, கோபுரமே ஆன்டெனா. அந்தக் கம்பம் பீங்கான் காப்பின் மேல் நிற்கும், மின்சாரம் அதன் உடம்பு முழுவதும் ஓடும். அதன் உயரத்தை அலையின் நீளம் தீர்மானிக்கும். 1053 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 285 மீட்டர். பொதுவாக வைக்கிற கால் பங்கு என்றால் 71 மீட்டர்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு விஜயநாராயணம் போனால் தலை சுற்றும். அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பாஞ்சாலங்குறிச்சிக்காரர் பெயர்தான். 2014இல் வந்த புதிய கம்பங்கள் 471 மீட்டர். ராமேஸ்வரத்தின் மேல் ஒரு பெரிய அடுக்குமாடியை வைத்தது போல. ஆனாலும் அங்கிருந்து போகும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன்னால் 471 மீட்டரும் குட்டைதான். இத்தனை பெரிய அலை எதற்கு? வழக்கமான ரேடியோ அலைகளுக்கு உப்புத் தண்ணீர் ஒரு சுவர். இந்த அலையோ கடல் மட்டத்துக்குக் கீழே சில மீட்டர் இறங்கும். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் மேலே வராமலே கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் இருப்பவனோடு பேசுவது நம் கடற்கரைக்குப் பழைய வேலை. முத்துக்குளிக்கப் போனவன் கல்லைக் கட்டிக்கொண்டு, கடலடிப் பாறைத்திட்டான பாரில் இறங்குவான். மூச்சு முட்டும்போது கயிற்றை இழுத்துக் காட்டுவான். மேலே இருப்பவன் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் கவனம் சிதறாதாம். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குகுளிப்பு நடக்கிறது. அந்த அண்ணாச்சிமார் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்ததும் கோபுரங்களை வைத்துத்தான். ஒரு பக்கம் மாதா கோயிலின் உச்சி இன்ன கட்டடத்துக்கு மேலே தெரிய வேண்டும். இன்னொரு பக்கம் புகைபோக்கி இன்ன மரத்துக்கு நேரே வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். குமரிக் கடற்கரையில் இதைக் கணியம் என்பார்கள். 1713இல் திறந்த மாதா கோயிலைக் கட்டியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கடலில் இருப்பவனுக்கு முயல் தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு அடுத்தபடி உதவிய கோபுரம் அதுதான்.

மற்றக் கோபுரங்கள் யாரோடு பேசின என்று ஒரு தடவை பாருங்கள். ராமேஸ்வரம் யாழ்ப்பாணத்து மாடிகளோடு பேசியது. நம் வானொலி கொழும்போடு. விஜயநாராயணம் நீர்மூழ்கியோடு. 2006இல் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசைக்கு, சுமார் 320 கிலோமீட்டர், கண்ணாடி இழைக் கேபிள் போட்டன. அது கடலுக்கு அடியிலேயே பேசிக்கொண்டு போய்விடுகிறது. கரைக்கும் கரைக்கும் பேச்சு, தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும். நடுவில் படகில் இருப்பவனைத் தாண்டித் தாண்டிப் போகிறது.

அவன் கையில் இருப்பது செல்போன். கரையில் செல்போன் கோபுரம் 40 மீட்டர் என்றால் கணக்குப்படி 26 கிலோமீட்டர், படகின் பங்குக்கு 6. கூட்டினால் 32 என்று ஏடு சொல்லும்; கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு வெகு முன்பே சிக்னல் போய்விடுகிறது என்பார்கள். பழைய ஜி.எஸ்.எம். முறையில் 35 கிலோமீட்டருக்கு மேல் கோபுரம் எத்தனை உயரமானாலும் இணைப்புக் கிடைக்காது. முறையையே அப்படி அமைத்திருந்தார்கள். காலையில் போய் இரவில் திரும்பும் தூத்துக்குடி விசைப்படகுகளுக்கே இது பற்றாது. தருவைக்குளத்திலிருந்து நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போகிற செவுள்வலைப் படகுகளுக்கு?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது பதில் தெரிந்தது. புயல் உருவானதும் வலுத்ததும் மிக விரைவாக நடந்தன. எச்சரிக்கை கரையில் ஒலித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்கு அது எட்டவில்லை. தனுஷ்கோடியில் அறுந்து போகக் கம்பியாவது இருந்தது.

சிலர் சொல்கிறார்கள், தூத்துக்குடிக்கும் கொழும்பு மாதிரி ஒரு தாமரைக் கோபுரம் வேண்டும் என்று. 350 மீட்டர், ராமேஸ்வரத்தை விட 27 மீட்டர் அதிகம். 2012இல் சீனக் கடனில் வேலை தொடங்கி, 2019இல் திறப்பு விழா நடத்தி, 2022 செப்டம்பரில்தான் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். நாடே கடனில் திணறிய ஆண்டு அது. சுழலும் உணவகம் இருக்கிறது, பேரா ஏரிக்கரையில் இரவில் பார்க்க அழகு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் தொலைக்காட்சி செயற்கைக்கோளுக்கும் கேபிளுக்கும் கைப்பேசிக்கும் மாறிய பிறகு கட்டிய தொலைக்காட்சிக் கோபுரம் அது. இந்தியாவிலோ தூர்தர்ஷன் 2021இல் பழைய தரைவழி ஒளிபரப்பிகளைப் பெரும்பாலும் மூடியே விட்டது. நமக்கு வேண்டியது அது இல்லை என்பதுதான் என் கட்சி. வடக்கு இலங்கையில் ஏ9 நெடுஞ்சாலையோரம் கொக்காவிலில் 2011இல் 174 மீட்டர் கோபுரம் வைத்தார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் அதில் சேர்ந்து குடியிருக்கின்றன. அந்த அளவு அடக்கம் கட்டுபடியாகும்.

படகுக்கு என்ன வழி? நம் கரையில் 100 மீட்டரில் ஒரு வி.எச்.எஃப். ரேடியோ நிலையம் வைத்தால் படகையும் சேர்த்து 47 கிலோமீட்டர் கிடைக்கும். நாள் தொழிலுக்கு அது பெரிய உதவி. அதற்கு அப்பால் பூமியின் வளைவு விடாது. 36,000 கிலோமீட்டர் மேலே நிற்கும் செயற்கைக்கோள்தான் கோபுரம். ஒக்கிக்குப் பிறகு 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கி மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கும். நல்ல கருவி, ஆனால் ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. இருவழியில் பேசுகிற இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களைத் தமிழ்நாட்டு விசைப்படகுகளில் பொருத்தும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆபத்து என்றால் ஒரு பொத்தான், கரைக்குச் செய்தி கிடைத்ததா என்பதும் தெரிந்துவிடும். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். சிக்னல் இல்லாத இடத்தில் அந்த எண்ணால் என்ன பயன் என்பதற்கு இதுதான் விடை.

விசைப்படகுக்கு வந்தது வள்ளத்துக்கு வருமா, சங்குகுளிக்கப் போகிற சின்னப் படகுக்கு யார் செலவில் வரும், உப்புத்தண்ணீரில் நனைந்த பேட்டரியை எந்தக் கடையில் மாற்றுவது? இந்த மூன்றையும் மீன்வளத் துறை அதிகாரிகளிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர்களில் இருவர் இங்கேயே வந்திருப்பதாக அவைத்தலைவர் இப்போது சொன்னார். கேள்வி நேரத்தை அவர்களிடமிருந்தே தொடங்கிவிடலாம்.